கடல் நீல நிறம் என்று யார் சொன்னது?



நம் தமிழ்ப்பள்ளிகளில் ஐந்தாம் ஆண்டு, ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் 'கடற்கரையில் ஒரு நாள்' என்னும் தலைப்பைக் கொடுத்துக் கட்டுரை எழுதச் சொல்லிப் பாருங்கள். முப்பது பிள்ளைகளும் ஒரே கடற்கரைக்குத்தான் செல்வார்கள். அங்கே கதிரவன் அதிகாலையில் கடலிலிருந்து எழுவான். வானமும் நீலம், கடலும் நீலம். மணல் வெள்ளை வெளேரென்று பரந்து கிடக்கும். தென்னங்கீற்றுகள் தலையசைத்து வரவேற்கும். அலைகள் 'சலசல'வென ஓசையெழுப்பிக் கரையைத் தழுவும். ஒருவர் சுண்டல் விற்றுக்கொண்டிருப்பார். கட்டுரை முடிவதற்குள் ஒரு சிறுவன் நீரில் மூழ்கத் தொடங்குவான். 'காப்பாற்றுங்கள்' என்று குரல் எழும். யாரோ ஒருவர் பாய்ந்து மீட்பார். நிகழ்ச்சி பசுமரத்தாணிபோல் மனத்தில் பதிய, கட்டுரை நிறைவுபெறும்.

இந்தக் கடற்கரை எங்கே இருக்கிறது?

கிள்ளானில் இல்லை. கோல லங்காட்டில் இல்லை. சிலாங்கூர் மாநிலம் முழுவதும் தேடினாலும் கிடைக்காது. நாம் வாழ்வது தீபகற்பத்தின் மேற்குக் கரையில். நமக்கு எதிரே மலாக்கா நீரிணை, அதற்கப்பால் சுமத்திரா. இங்கே கதிரவன் கடலில் எழுவதில்லை, கடலில்தான் விழுகிறான். சுமத்திரா குறுக்கே படுத்துக்கொண்டு பெரிய அலைகளை மறித்துவிடுவதால் நம் கரையில் அலை மெல்லியது. கிள்ளான் ஆறும் லங்காட் ஆறும் மலையிலிருந்தும் நகரிலிருந்தும் அள்ளிவரும் வண்டல் அந்த மெல்லிய அலையில் அடித்துச் செல்லப்படாமல் கரையோரத்திலேயே படிகிறது. ஆகவே நம் கடல் பழுப்பு நிறம். நம் கரை பெரும்பகுதி சேறு. வடகிழக்குப் பருவக்காற்று நேரே வந்து மோதும் கிளாந்தான், திரங்கானுப் பக்கம் சென்றால் வெண்மணலைக் காணலாம், எழுகதிரையும் காணலாம். அங்கு வாழும் பிள்ளை அவ்வாறு எழுதினால் அது உண்மை. நம் பிள்ளை எழுதினால்?

சுண்டல் எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பாருங்கள். மோரிப் கடற்கரையில் சுண்டல் விற்பாரைக் கண்டவர் உண்டா? இளநீர் விற்பார்கள். கெரோப்போக் லேக்கோர் பொரித்து விற்பார்கள். பட்டம் விற்பார்கள். சுண்டலும் எழுகதிரும் சென்னை மெரினாவுக்கு உரியவை. வங்காள விரிகுடாவைக் கிழக்கே நோக்கி நிற்கும் ஒரு நகரத்தின் கடலைப் பார்த்து யாரோ எப்போதோ எழுதினார்கள். அதைப் பார்த்து இன்னொருவர் எழுதினார். அவரைப் பார்த்து நம் நாட்டில் மாதிரிக் கட்டுரை நூல் தொகுத்தவர் எழுதினார். பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் அந்நூல்கள் வெவ்வேறு அட்டைகளோடு அடுக்கிவைக்கப்பட்டிருக்கின்றன. அட்டை மாறும், உள்ளே கடல் மாறாது. படியெடுத்ததன் படியெடுத்ததன் படியைத்தான் நம் பிள்ளைகள் இரவு பத்து மணி வரை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார்கள்.

மாதிரிக் கட்டுரையே கூடாது என்று நான் வாதிடவில்லை. பத்தி பிரிப்பதற்கும் தொடக்கம் முடிவு அறிவதற்கும் ஒரு மாதிரி தேவைதான். தையல் பழகுபவருக்கு வெட்டுத்தாள் தேவைப்படுவதைப் போல. ஆனால் வெட்டுத்தாளையே யாரும் உடுத்திக்கொண்டு விருந்துக்குப் போவதில்லை.

ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவி ஒருத்தி பள்ளிகளுக்கிடையிலான கட்டுரைப் போட்டி ஒன்றில் கலந்துகொண்டாள். தலைப்பு கடற்கரை பற்றியதுதான். கெட்டிக்காரப் பிள்ளை என்று சொல்லிவிட முடியாது, எழுத்துப்பிழை மிகுதி. ஆனால் அவள் எழுதியதை இன்றும் என்னால் ஏறக்குறைய அப்படியே சொல்ல முடியும். "கடல் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. தண்ணீர் தூரமாகப் போய்விட்டது. இனிமேல்தான் வரும் என்று அப்பா சொன்னார். நாங்கள் காத்திருந்தோம். என் சிலிப்பர் சேற்றில் மாட்டிக்கொண்டது. இழுத்தேன், கால் மட்டும் வந்தது. ஒரு மீன் நடந்து போகிறது என்று தம்பி சொன்னான். பொய் என்று நினைத்தேன். பிறகு நானும் பார்த்தேன்."

திருத்திய தாள் என் கைக்கு வந்தது. 'தேத்தண்ணி நிறம்' சிவப்பு மையால் அடிக்கப்பட்டு மேலே 'நீல நிறம்' என்று எழுதப்பட்டிருந்தது. மீன் வரியின் ஓரத்தில் ஒரு குறிப்பு: 'மீன் நீந்தும். நடக்காது.'

மீன் நடக்கும், ஐயா! நம் கரையில் நடக்கும். சேற்றின்மேல் முன் துடுப்புகளை ஊன்றித் தத்தித் தத்திச் செல்லும் அந்த மீனை மலாய்க்காரர்கள் 'தெம்பாக்குல்' என்றும் 'பெலாச்சாக்' என்றும் அழைக்கிறார்கள். உடல் ஈரமாக இருக்கும்வரை அது தோலின் வழியாகவே மூச்சுவிடும். தலைமேல் துருத்திய கண்களோடு ஆளைப் பார்த்ததும் வளைக்குள் பாயும். கிள்ளான் வட்டாரத்தில் ஆற்றுமுகமோ கடலோரமோ எங்கு சென்று ஐந்து நிமிடம் அசையாமல் நின்றாலும் காணலாம். அந்தத் திருத்துநர் அறியாதவர் அல்லர், கற்றவர். அவரும் இதே வட்டாரத்தில்தான் வாழ்கிறார். கண்ணால் கண்ட பிள்ளையைவிடக் காணாமல் அச்சிட்ட நூலை நம்பினார்.

பரிசு கிடைக்காதது எனக்குப் பெரிதன்று. அடுத்த மாதம் அவள் எழுதிய கட்டுரையில் கடல் நீலமாகிவிட்டது. அதுதான் என்னை உறுத்துகிறது. பத்து வயதுப் பிள்ளை, தமிழில் எழுதும்போது கண்ணால் கண்டதை எழுதக்கூடாது என்று கற்றுக்கொண்டாள். அதை நாம்தான் கற்றுக்கொடுத்தோம்.

அவளுடைய தாயார் என்னைக் காண வந்தார். நல்ல அம்மையார், மகளின் நன்மையை மட்டுமே எண்ணுபவர். "டீச்சர், அந்தப் புத்தகத்துல உள்ளதையே அவ மனப்பாடம் பண்ணட்டும். சேறு, சிலிப்பர்னு எழுதினா நம்மள ஒரு மாதிரி நினைக்கமாட்டாங்களா?" என்று கேட்டார்.

நான் நெடுநேரம் எண்ணிப் பார்த்த கேள்வி இது. 'நம்மள ஒரு மாதிரி.' மதிப்பெண்ணைப் பற்றிய அச்சம் மட்டும் அன்று இது. சேறு என்பது நம் ஏழ்மையின் அடையாளம் என்று நமக்குள் எங்கோ ஒரு கூச்சம் தங்கிவிட்டது. 'மோரிப்பா? அங்கே என்ன இருக்கிறது, சேறுதானே!' என்பதும் அதே கூச்சம்தான். போர்ட்டிக்சன் போனால் சொல்லிக்கொள்வார்கள். லங்காவி போனால் நூறு படம் எடுத்துக் காட்டுவார்கள். மோரிப் போய்வந்ததை யாரும் சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் மோரிப்பையும், அதற்குச் சற்று வடக்கே சந்தடியற்றுக் கிடக்கும் கிளானாங் கரையையும் பாருங்கள். பந்திங்கிலிருந்தும் தெலுக் பங்லிமா காராங்கிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் வந்த குடும்பங்கள் பாய்விரித்துச் சவுக்கு மரத்தடியில் அமர்ந்திருக்கும். பாட்டி நெகிழிப் பெட்டியிலிருந்து எலுமிச்சைச் சோற்றைப் பரிமாறுவார். அருகே மலாய்க் குடும்பம். அப்பால் தூண்டில் போட்டபடி ஒரு சீன முதியவர். நுழைவுக் கட்டணம் இல்லை.

நான் பிறந்தது கோல லங்காட் வட்டாரத்துத் தோட்டமொன்றின் லயத்தில். எண்பதுகளில் தீபாவளிக்கு மறுநாள் தோட்டத்து லாரியில் அனைவரும் ஏறி மோரிப் செல்வது எங்கள் வழக்கம். வெளிச்சோட்டு மரம் வெட்டும் பெண்கள் ஆண்டில் அந்த ஒரு நாள்தான் பொழுது சாய்வதை உட்கார்ந்து பார்ப்பார்கள். நீர் உள்வாங்கியிருந்தால் சிறுவர்கள் சேற்றில் கெராங் பொறுக்குவோம். வீடு திரும்பி அம்மா அதைச் சட்டியிலிட்டு வேகவைக்க, ஓடுகள் ஒவ்வொன்றாக வாய் திறக்கும். இன்று அந்தத் தோட்டம் இல்லை, வீட்டுமனையாகிவிட்டது. தோட்டத்து மக்கள் கிள்ளான் அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளைத்தான் நான் வகுப்பில் காண்கிறேன். 'கடலை நேரில் பார்த்தவர் யார்?' என்று கேட்டால் எழும் கைகள் சில. அவற்றுள்ளும் பாதி, தாத்தாவின் அஸ்தியைக் கரைக்கப் போனபோது பார்த்த கைகள்.

கிள்ளான் ஒரு துறைமுக நகரம், கவனியுங்கள்!

அதுவும் சாதாரணத் துறைமுகம் அன்று. 1901இல் ஆங்கிலேயர் சதுப்பு நிலத்தின் நடுவே போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தைத் திறந்தனர். திறந்த சிறிது காலத்திலேயே மலேரியா அங்கு உழைத்தவர்களை வாரிக்கொண்டது. கிள்ளானில் பணியாற்றிய மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பை வடித்துக் கால்வாய் வெட்டி அதைக் கட்டுப்படுத்தினார். 1972இல் அத்துறைமுகத்தின் பெயர் போர்ட் கிள்ளான் என்று மாறியது. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் புறப்பட்ட 'ரஜுலா' போன்ற கப்பல்கள் பினாங்கைத் தொட்டபின் இங்கேதான் வந்து நின்றன. நம் பாட்டன்மாரும் பூட்டிகளும் மேல்தளத்திலிருந்து முதன்முதலில் கண்ட சிலாங்கூர் எது? வெண்மணலா? கண்டல் காடும் பழுப்பு நீரும் சேறுந்தான். அவர்களை எதிர்கொண்ட கரையை அவர்களுடைய நான்காம் தலைமுறை 'அசிங்கம்' என்கிறது.

மோரிப்புக்கே ஒரு வரலாறு உண்டு. 1945 செப்டம்பர் 9ஆம் நாள் நேசநாட்டுப் படைகள் மலாயாவை மீட்க வந்து இறங்கிய கரை அது. 'சிப்பர்' நடவடிக்கை என்று பெயர். ஜப்பான் ஏற்கெனவே சரணடைந்துவிட்டதால் துப்பாக்கிச் சூடு இல்லை. இறங்கியவற்றுள் 25ஆம் இந்தியக் காலாட்படைப் பிரிவும் ஒன்று. கரையைப் பற்றிச் சரியாக அறியாமல் வந்ததால் வண்டிகள் பல நீரிலும் சேற்றிலும் புதைந்து நின்றன. எதிர்ப்பு இருந்திருந்தால் பேரழிவாகியிருக்கும் என்று பின்னாளில் பலரும் எழுதினர். நினைவுச்சின்னம் அங்கேயே நிற்கிறது. என் மாணவியின் சிலிப்பரை விழுங்கிய அதே சேறு! வரலாற்றுப் பாடத்தில் இரண்டாம் உலகப் போரை நடத்தும் ஆசிரியர் பிள்ளைகளை அந்தச் சேற்றில் ஒரு முறை நிறுத்திவிட்டால் போதும், பிறகு பாதிப் பாடத்தை அவர்களே சொல்வார்கள்.

இனி, 'சேறு இலக்கியத்திற்கு ஆகாது' என்போருக்கு வருகிறேன். தமிழாசிரியர்களே இவ்வாறு கூறுவதுதான் வியப்பு.

உலகின் எம்மொழிக்கும் குறையாத கடற்கரை இலக்கியம் நம்முடையது. நெய்தல் என்று ஒரு திணையே வகுத்தோம். அந்த நெய்தலில் என்ன இருக்கிறது? கழி இருக்கிறது, கழி என்றால் உப்பங்கழி, ஓதம் ஏறி இறங்கும் சேற்று வாய்க்கால். கண்டல் இருக்கிறது. அளறு இருக்கிறது; அளறு என்றால் சேறு. அலவன் என்று நண்டுக்குப் பெயரிட்டு, அதை வளைக்குள் ஓட ஓட விரட்டுவதை 'அலவன் ஆட்டல்' என்று மகளிர் விளையாட்டாகவே பாடினார்கள். தாழை, புன்னை, ஞாழல் இருக்கின்றன. ஐங்குறுநூற்றில் அம்மூவனார் பாடிய நெய்தற் பகுதி நூறு பாடல்கள். அவற்றுள் இரண்டு பத்துகளுக்குப் பறவைகளின் பெயர்கள்: வெள்ளாங்குருகுப் பத்து, சிறுவெண்காக்கைப் பத்து. நெய்தலுக்கு உரிய சிறுபொழுது எது? எற்பாடு. எல் என்றால் கதிரவன். பாடு என்றால் சாய்தல்.

கதிரவன் கடலில் சாயும் பொழுது! அந்தப் பொழுது மெரினாவில் கிடைக்காது. மோரிப்பில் நாள்தோறும் கிடைக்கிறது. சங்கப் புலவர் காட்டிய கடற்கரை, கழியும் கண்டலும் அலவனும் குருகும் எற்பாடுமாக நம் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் கிடக்கிறது. நாமோ அஞ்சலட்டைக் கடலைப் பிள்ளைகளுக்குக் கற்பித்து அதைத் தமிழ் மரபு என்கிறோம்.

மரங்களைப் பாருங்கள். சிதம்பரத்தின் பழம்பெயர் தில்லை என்று தேவார வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். தில்லை என்பது ஒரு மரம். கண்டல் காட்டு மரம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். அதனாலேயே மலாய்மொழியில் அதற்குப் 'பூத்தா பூத்தா' என்று பெயர். பூத்தா என்றால் குருடு. அதே மரம் சிலாங்கூரின் சதுப்புக் காட்டிலும் வளர்கிறது. புன்னையை இங்கே 'பெனாகா லாவுட்' என்கிறார்கள். அலையாத்தியை 'அப்பி அப்பி' என்கிறார்கள். அலையை ஆற்றுவதால் அலையாத்தி என்று அப்பெயருக்கு விளக்கம் கூறுவர். எவ்வளவு நுட்பமான பெயர்! 'இது நம் மொழியில் ஏற்கெனவே பெயருள்ள மரம்' என்று ஒரு பிள்ளைக்கு மரத்தைத் தொட்டுக் காட்டிப் பாருங்கள். இந்த நாடு தனக்கு அயல் என்ற எண்ணம் அந்தப் பிள்ளைக்கு வருமா?

(இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. கேரித் தீவில் வாழும் மா மெரி பூர்வகுடி மக்கள் ஆண்டுதோறும் 'பூஜா பந்தாய்' என்னும் சடங்கை நடத்துகிறார்கள். கடல் வற்றிய நேரத்தில் சேற்றில் பந்தலிட்டுத் தம் முன்னோரையும் கடலின் ஆவிகளையும் வணங்குகிறார்கள். சேறு அவர்களுக்குக் கோயில். 'பூஜா' என்னும் சொல்லை நம் பிள்ளைகள் கேட்டதும் கண்ணை விரிப்பார்கள். அங்கிருந்து ஒரு பாடமே தொடங்கலாம்.)

மாதிரிக் கட்டுரைக்கு நாம் நெடுங்காலம் சொல்லிவந்த காரணம் யு.பி.எஸ்.ஆர். தேர்வு. 1988 முதல் 2019 வரை நடந்த அத்தேர்வு 2020இல் பெருந்தொற்றால் நிறுத்தப்பட்டு, 2021இல் ஒழிக்கப்பட்டது. தேர்வு போயிற்று, காரணம் போயிற்று. மனப்பாடம் போகவில்லை! தேர்வுத் தாளுக்காக அல்ல, திருத்துவதற்கு எளிது என்பதற்காகவே நாம் அதை வைத்துக்கொண்டிருக்கிறோமோ என்னும் ஐயம் எனக்கு உண்டு. முப்பது தாளும் ஒன்றுபோல் இருந்தால் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். முப்பது பிள்ளைகள் முப்பது கடலை எழுதினால் படித்துத்தான் ஆகவேண்டும். நடக்கும் மீன் உண்டா இல்லையா என்று தேடித்தான் ஆகவேண்டும். ஆசிரியர்களின் பணிச்சுமையை நான் அறியாதவள் அல்லள். கோப்பும் பாரமும் நிரப்பியே நம் மாலைப்பொழுது போகிறது. எனினும் கட்டுரை வாரத்தில் ஒன்றையேனும் மனம்வைத்துப் படிக்க இயலாதா?

இனிக் கல்விச் சுற்றுலா. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒவ்வோர் ஆண்டும் இதே கதைதான். செயற்கை மணலும் பொறியால் எழுப்பும் அலையும் உள்ள நீர்க்கேளிக்கைப் பூங்காவுக்கு ஒருமனதாகக் கை உயரும். கட்டணம் செலுத்த இயலாத பிள்ளைகள் அன்று 'வயிற்றுவலி' என்று வீட்டில் இருந்துவிடுவார்கள். மோரிப் என்று நான் முன்மொழிந்தபோது ஒரு பெரியவர் சிரித்தே விட்டார். "டீச்சர், சேறு பாக்கவா பஸ்ஸு புடிக்கிறது?" ஆம் ஐயா, சேறு பார்க்கத்தான். ஓர் ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவு பெருத்திருப்பதையும், அதை அசைத்து அசைத்துப் பெண் நண்டை அது அழைப்பதையும் பார்க்க. சைபீரியாவில் பனி மூடியதும் கடல்தாண்டி வந்து நம் சேற்றில் அலகைக் குத்திப் புழு தேடும் உள்ளான் கூட்டத்தைப் பார்க்க. பொறியால் எழுப்பும் அலைக்கு விசை போட்டவர் யார் என்று பிள்ளை கேட்காது. கடல் ஏன் உள்ளே போயிற்று, யார் இழுத்தது என்று கட்டாயம் கேட்கும்.

அந்தக் கேள்விக்கு விடை தெரிந்திருப்பது கிள்ளான் பிள்ளைக்கு அழகுக்காக மட்டும் அன்று. கிள்ளான் துறைமுகத்தில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாள்களில் உயர் ஓதத்திற்கும் தாழ் ஓதத்திற்கும் இடையே ஏறத்தாழ 4 மீட்டர் வேறுபாடு. ஒரு மாடி வீட்டின் உயரம்! மலேசியக் கரைகளில் இவ்வளவு ஏற்றமும் இறக்கமும் காணும் இடங்கள் மிகச் சிலவே. கரையோர நிலம் தாழ்வானது; தோட்டங்களும் கம்பங்களும் மண்ணணையும் மதகும் கட்டித்தான் கடலை வெளியே நிறுத்தியிருக்கின்றன. 2021 டிசம்பர் 18ஆம் நாள் தொடங்கிய பெருவெள்ளத்தை நம்மில் யார் மறக்க முடியும்? ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கூரைமேல் ஏறி நின்றவர்களுள் நம் பிள்ளைகளும் இருந்தார்கள். மழை கொட்டியது முதற்காரணம். கடலில் ஏற்றம் இருந்ததால் ஆற்றுநீர் விரைந்து வடியவில்லை என்பதும் அப்போது பேசப்பட்டது. ஏற்றம் என்றால் என்ன, எப்போது வரும், எவ்வளவு நேரம் நிற்கும் என்பதைச் சேற்றில் நின்று கண்ட பிள்ளைக்கு அந்தச் செய்தி விளங்கும். நீலக்கடலை மனப்பாடம் செய்த பிள்ளைக்கு விளங்காது.

பாதுகாப்பு என்பார்கள். நியாயமான அச்சம், 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நம் தாய்மார்கள் கடல் என்றாலே பிள்ளையின் கையை இறுகப் பற்றுகிறார்கள். நான் நீந்தச் சொல்லவில்லை. முழங்கால் நனையவும் தேவையில்லை. ஏற்றம் தொடங்கியதும் தட்டையான கரையில் நீர் விரைந்து பரவும். ஆகவே வற்று முடிவதற்கு முன் சென்று, நீர் திரும்பும்போது கரையேறிவிட வேண்டும். மென்சேற்றில் பிள்ளைகளை நடக்கவிடாமல் கெட்டித்தரையிலேயே நிறுத்த வேண்டும். பிற்பகலில் இடி உறுமினால் திறந்தவெளியில் நிற்கவே கூடாது. பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர். இவ்வளவும் செய்தால், நான் அறிந்தவரை, நகரில் சாலையைக் கடப்பதைவிடப் பெரிய ஆபத்து அங்கு இல்லை.

குப்பை உண்டே என்பார்கள். உண்டு. நெகிழிப் பையும் புட்டியும் சவுக்கு வேரில் சிக்கிக் கிடக்கின்றன. அதையும் பிள்ளைகள் பார்க்கட்டும், அதையும் எழுதட்டும். மாதிரிக் கட்டுரையின் கடற்கரையில்தான் குப்பை இருக்காது.

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரப் பெற்றோர் 'எங்களுக்குத் தொலைவு' என்று எழுதுவீர்கள். உங்களுக்கு வேறு வழி இருக்கிறது. கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் தொடர்வண்டி ஏறினால் மாறாமல் போர்ட் கிள்ளான் நிலையத்தில் இறங்கலாம். அருகிலேயே கெத்தாம் தீவுக்குச் செல்லும் படகுத்துறை. கெத்தாம் என்றால் நண்டு. அலவன் தீவு என்றே நம் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். சேற்றின்மேல் மரக்கால் நட்டுக் கட்டிய சீன மீனவர் ஊர், மகிழுந்து கிடையாது. போகும் வழி முழுவதும் இருபுறமும் கண்டல் காடு. படகுக்கு மனம் ஒப்பாதவர்கள் தஞ்சோங் ஹராப்பான் சென்று, கரையில் தூண்டில் போடுவோருக்கு நடுவே அமர்ந்து கப்பல் எண்ணிவிட்டு வரலாம்.

அடுத்த பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை நான் என் வகுப்புப் பெற்றோர் சிலருடன் மோரிப் செல்ல எண்ணியுள்ளேன். பள்ளிச் சுற்றுலா அன்று. அவரவர் வண்டியில், அவரவர் பிள்ளையோடு. புறப்படுமுன் கடற்படையின் நீர்வரைவியல் நிலையம் ஆண்டுதோறும் வெளியிடும் ஓத அட்டவணையில் கிள்ளான் துறைமுகத்திற்குரிய பக்கத்தைப் பார்த்து வற்று நேரத்தைக் குறித்துக்கொள்வோம். ஒவ்வொரு நாளும் அந்நேரம் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். அந்தக் கணக்கை ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள், அவர்களே சொல்வார்கள். பழைய காலணி, மாற்றுடை, குடிநீர், ஒரு குறிப்பேடு போதும். உடன் வர விரும்பும் ஆசிரியர்களும் பெற்றோர்களும் எழுதுங்கள். எலுமிச்சைச் சோறு நான் கொண்டுவருகிறேன்.